சோற்றுக்கு அன்னக்கூடை, பொரியலுக்குத் தேக்கரண்டி

தருமபுரியில் நான் நாள்தோறும் மதியம் சாப்பிடும் மெஸ்ஸின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியும் பயனில்லை, இதற்கு முன் நான் ஏறி இறங்கிய மூன்று மெஸ்களிலும் இதே கதைதான். இலையில் அமர்ந்ததும் அன்னக்கூடையோடு ஒருவர் வந்து, போதும் போதும் என்று கையை மறித்தாலும் விரல் இடுக்கு வழியாகச் சோற்றைத் தள்ளிவிட்டுப் போகிறார். சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை எனக் கேட்காமலேயே வருகிறார். ஆனால் பொரியல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பரிமாறும் தம்பி முதலில் என்னைப் பார்க்கிறார், பிறகு கல்லாவைப் பார்க்கிறார், அதன் பிறகு கரண்டியின் நுனியில் நான்கு பீன்ஸ் துண்டுகளை எடுத்துவந்து, தானம் செய்வதுபோல் வைக்கிறார்.

எனக்கு வயது நாற்பத்தாறு, உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ. உடல் நிறை குறியீட்டெண் 28-ஐத் தாண்டிவிட்டது; நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கவனம் தேவை என்கிறார்கள். மருத்துவர் நீண்ட அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சோற்றைக் குறையுங்கள், காயைக் கூட்டுங்கள் என்றார், அவ்வளவுதான். அன்று மாலையே அதே மெஸ்ஸில் ஒரு சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிவந்து, வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். (என் மனைவி இன்னமும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.) சோறு 460 கிராம், முட்டைக்கோஸ் பொரியல் 38 கிராம். கூட்டு என்ற பெயரில் இருந்த பருப்புத் தண்ணீரில் காய் எங்கே என்று தேடி எடுத்து நிறுக்கும் பொறுமை எனக்கு இல்லை. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்தும் 130 கலோரியும் இருப்பதாகக் கொண்டால், அந்த ஒரு வேளைச் சோறு மட்டுமே 600 கலோரியை நெருங்குகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, கீரையையும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி உண்ணச் சொல்கிறது. 38 கிராமை வைத்துக்கொண்டு நான் அந்தக் கணக்கை எப்போது முடிப்பது?

இது காய் விளையாத பாலைவனமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவேன். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி மண்டிகள் விடியற்காலையிலேயே களைகட்டுகின்றன. ஓசூர்ப் பக்கத்து முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் குடைமிளகாயும் லாரி லாரியாக வெளியூர் போகின்றன. விலை விழுந்த வாரங்களில் பறிப்புக்கூலிகூடத் தேறாது என்று விவசாயிகள் தக்காளியைச் செடியிலேயே விடுகிறார்கள், சாலையோரத்தில் கொட்டுகிறார்கள், மாட்டுக்குப் போடுகிறார்கள். அந்த மாடு ஒரு நாளில் தின்னும் காயை நான் ஒரு மாதத்தில் தின்பதில்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது, எது காய் என்பதில் நம்மவர்களுக்குள்ள தாராள மனப்பான்மை. உருளைக்கிழங்கு வறுவல் காய். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிப் பொரியல் காய். மாலையில் எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்னும் வாழைக்காய் பஜ்ஜியும் காய். உலகச் சுகாதார நிறுவனம் காய் கனிகள் நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்று சொல்லும்போதே, உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு என்றால், மாவுக்கு மாவையே தொட்டுக்கொள்கிறோம் என்றுதான் பொருள்.

உடனே சிலர், அரிசியை விடுங்கள், நம் ஊர்க் களிக்குத் திரும்புங்கள், எடை தானாக இறங்கும் என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்குக் களி பிடிக்கும். கீரைக் கடைசலோடு ஒரு உருண்டை கிடைத்தால் வேறெதுவும் கேட்கமாட்டேன். கேழ்வரகில் அரிசியைவிடச் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதி என்பதும், 2023-இல் நம் மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதும் நல்லவையே. ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். நம் நாட்டவர் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டிய, 2025-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, மொத்த அளவைக் குறைக்காமல் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதில்லை என்றே கண்டது. என் தாத்தா இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு மாலை வரை ஏர் ஓட்டினார். நான் தின்றுவிட்டு நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்க்கிறேன்.

காய்க்கு மந்திர சக்தி இருப்பதாக நான் நம்பவில்லை. நீரும் நாரும் நிறைந்திருப்பதால் குறைந்த கலோரியில் வயிறு நிறைகிறது, சோற்றுக்கு இடமில்லாமல் போகிறது. மெஸ்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு: சோறு ஒரே அண்டாவில் வெந்துவிடும், காய்க்கோ விலை நாளுக்கொன்றாக மாறும், நறுக்க ஆள் வேண்டும். அதனால்தான் நானே ஒரு வழி சொன்னேன். சோற்றைப் பாதியாக்கிவிடுங்கள், பொரியலுக்குத் தனியாக இருபது ரூபாய் தருகிறேன் என்றேன். உரிமையாளர் என்னை ஏதோ வேண்டுதல்காரனைப்போல் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் முன்பணமாக இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு இலையில் அமர்ந்தேன். பாதிச் சோறு சொன்னபடி வந்தது. சற்று நேரத்தில் தம்பியும் ஒரு கிண்ணத்தோடு வந்தார். "பீன்ஸ் தீர்ந்துபோச்சு சார், உருளைக்கிழங்கு வறுவல் நிறைய வெச்சிருக்கேன். இதுவும் காய்தானே?"