ஏற்புக் கடிதம் வந்த அன்றே கட்டுரைக் கோப்பை அனுப்பிவிடுங்கள்

போன மாதம் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், நான் நூலகராக இருக்கும் நூலகத்துக்கு வந்தார். உயிரித் தொழில்நுட்பத் துறை கொடுத்த பணத்தில் செய்த ஆய்வு, கட்டுரையும் வெளியாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்க இணையத்தில் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தில் ஏற்றியாச்சா சார் என்று கேட்டேன். "இதோ இருக்கே மேடம்" என்று பென்டிரைவை நீட்டினார். உள்ளே இருந்தது பதிப்பகத்தின் முத்திரை போட்ட பிடிஎஃப். அதன் உரிமை பதிப்பகத்திடம், நாம் பொதுவில் போட முடியாது. நமக்கு வேண்டியது, மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தமெல்லாம் முடிந்து இதழ் ஏற்றுக்கொண்ட கடைசி வேர்டு கோப்பு.

அதைத் தேட இரண்டு நாள் ஆனது. 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல் சார் கரெக்‌ஷன்' என்று மூன்று கோப்புகள். எது ஏற்கப்பட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், படிப்பை முடித்துப் பெங்களூரு போய்விட்ட மாணவியின் மின்னஞ்சலில்தான் கிடைத்தது.

அவர் மேல் தப்பில்லை, யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் விதி 2014 டிசம்பரிலேயே வந்துவிட்டது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து கொண்டுவந்த திறந்த அணுக்கக் கொள்கை அது, அதாவது அவை பணம் தரும் ஆய்வை யாரும் இலவசமாகப் படிக்க வழிசெய்யும் விதி. கட்டுரை ஏற்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். பதிப்பகம் சில மாதம் காத்திருக்கச் சொன்னால், கோப்பை உள்ளே வைத்துவிட்டு அப்புறம் திறந்துவிடலாம். இதற்குப் பதிப்பகத்துக்குப் பைசா கட்ட வேண்டியதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே இப்படியொரு களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. சென்னையில் இருந்துகொண்டு தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம் இதற்காகப் பல்லாண்டு பேசினார், எழுதினார்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இனி எதற்கு இது என்று கேட்கிறார்கள். அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்வு இதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது: 3 வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான், எங்களைப் போன்ற அரசுக் கல்லூரிகளுக்குப் பெரிய உதவி. ஆனால் என் தம்பி வேளாண்மை படித்துவிட்டு உரக்கடை வைத்திருக்கிறான். வாழை வாடல் நோய் பற்றி ஒரு கட்டுரையைத் தேடிப் போனவனிடம் பதிப்பகத்தின் இணையப் பக்கம் 35 டாலர் கேட்டது. ஆய்வு செய்தது நம் நாட்டு நிறுவனம், பணம் நம் வரிப்பணம். அந்தச் சந்தாவில் அவனுக்கு இடமில்லை. களஞ்சியத்தில் அந்தக் கோப்பு இருந்திருந்தால் அன்றைக்கே படித்திருப்பான்.

விதி இருந்தால் மட்டும் போதாது, கேட்க ஆள் வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் தரும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2008-ல் இதைக் கட்டாயமாக்கியது. அப்போதும் பலர் ஏற்றவில்லை. 2013-ல், கட்டுரையை ஏற்றாதவர்களுக்கு அடுத்த தவணைப் பணம் தாமதமாகும் என்றார்கள், அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2025 ஜூலை 1 முதல் அங்கே கட்டுரையைத் திறந்துவிட 12 மாதம் வரை காத்திருக்கலாம் என்ற சலுகையும் போய்விட்டது. நம் துறைகளும் அடுத்த தவணைக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: களஞ்சிய இணைப்பு எங்கே?

அதுவரை, ஆய்வு செய்யும் நண்பர்களே, ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்த வேர்டு கோப்பின் பெயரில் 'ஏற்கப்பட்டது' என்று போட்டு, தேதியும் சேர்த்து, உங்கள் நூலகருக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.