தெருவெல்லாம் வண்டி, பிள்ளைகள் எங்கே ஓடுவது?

திருவல்லிக்கேணியில் வளர்ந்த எங்களுக்குத் தெருதான் மைதானம். ஒட்டி ஒட்டி வீடுகள், ஒரு முற்றத்துக்கு நாலைந்து குடித்தனம். பள்ளி விட்டால் பை திண்ணையில், ஆள் தெருவில். சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடு கிழித்தால் ஸ்டம்ப். பந்து மாடிக்குப் போனால் அவுட். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாளில் ஆர்ப்பரிப்பு எங்கள் தெரு வரை வரும். விக்கெட்டா சிக்ஸரா என்று அதை வைத்தே பந்தயம் கட்டுவோம்.

இப்போது அங்கே போனால் எரிச்சல்தான் வருகிறது. இரண்டு பக்கமும் பைக்குகள், நடுவே மிச்சமிருக்கும் சந்தில் ஆட்டோவின் ஹார்ன். சில கார்கள் உறை போட்டு மாதக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. அது யார் வீட்டு இடம்? பந்து பட்டுக் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டதாம், எட்டு வயதுப் பையனை ஒருவர் அப்படித் திட்டுகிறார்.

மெரினா பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்கள். காமராஜர் சாலையைச் சின்னப் பிள்ளை தனியாகக் கடக்குமா?

சித்திரையில் பார்த்தசாரதி பெருமாள் தேர் வரும்போது மாட வீதிகளில் வண்டிகளை எடுக்கத்தானே செய்கிறோம்? அப்புறம் என்ன, சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு பக்கத்தையாவது பிள்ளைகளுக்கு விடுங்கள்.