"சின்னம்மாட பைக்" என்று சிரித்தவர்களுக்கு

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புக் குடும்பிமலைப் பக்கம் போய் வந்த படங்களில் ஒன்றை எடுத்து, என் அக்கா மகனின் பைக்கை, அந்தப் பழைய யமஹா செரோவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "சின்னம்மாட பைக்" என்று எழுதியது யார், "ரோட்டில் இழுக்காது, உயரமான சிஆர்எஃப் எடுத்திருக்கலாம்" என்று கீழே வந்து சிரித்தது யார் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் எழுத மாட்டேன். அந்தச் சின்னம்மா நான்தான். பைக்கைத் தேடியதும் நான், கராஜுக்குக் கூட்டிப் போனதும் நான், "இதை எடு மனே" என்று சொன்னதும் நான். அவன் ஒன்றும் பேசவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லி விடுகிறேன். மண் பாதையிலும் ஓடுகிற ட்ரெய்ல் பைக்கை முதன்முதலாக வாங்குகிற ஆளுக்குக் கால் நிலத்தில் பட வேண்டும், விழுந்தால் தனியாகத் தூக்க முடிய வேண்டும், பைக்கின் பதிவுப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பைக் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் பைக்குக்கு ஆகாது.

செரோ 225இன் சீட் உயரம் 810 மில்லிமீட்டர், எடை 110 கிலோ சொச்சம். நீங்கள் அவனுக்குச் சொன்ன ஹோண்டா சிஆர்எஃப் 250எல்லின் சீட் 875, எடை 140 கிலோவுக்கு மேல். 65 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை அங்குலம், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தார் ரோட்டில் ஒன்றுமில்லை, நுனிக்காலில் நின்று சமாளிக்கலாம். உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டைப் பாதை ஒன்றில், உழவு மெஷின் போன தடத்துக்குள் முன்சில்லு இறங்கி நிற்கும்போது கால் வைக்கப் போகிற பக்கம் அரை அடி பள்ளமாக இருக்கும். அங்கேதான் அந்த இரண்டரை அங்குலம் ஆளைக் கவிழ்க்கிறது. புதிதாக ஓடுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நிற்கும்போது, திருப்பும்போது, சேற்றில் ஒரு காலை ஊன்றப் போகும்போது. கால் எட்டாத ஆளுக்குப் பயம் வரும், பயம் வந்தால் முன் பிரேக்கைப் பிடிப்பார், மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். "மாட்டு டொக்டரம்மா பைக்கைப் பற்றிக் கதைக்கிறா" என்று. நான் டொக்டர் இல்லை தம்பி, கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். மாட்டுப்பட்டி இருக்கிற இடத்துக்கு நான் போக வேண்டும், பட்டி ரோட்டோரமாக இருக்காது. சினைப்படுத்தும் சாமானைப் பின்னால் கட்டிக்கொண்டு கரடியனாறு, புல்லுமலை, வடமுனை என்று நான் ஓடாத கிரவல் ரோடு இல்லை. மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலாகத் தண்ணீர் போய், சனம் வள்ளத்தில் போய் வரும் காலத்திலும் அக்கரையில் மாடு கன்று போடத்தான் செய்யும். என்னுடையது யமஹா டிடபிள்யூ 200, குண்டு டயர் பைக். அதையும் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

ஒரு மாரியில் என்னோடு வேலை செய்த ஒருவர் பெரிய பைக் ஒன்றில் வந்தார், நல்ல ஓட்டக்காரர், ஆறடி ஆள். வாய்க்கால் கட்டில் சில்லு வழுக்கி பைக் சரிந்து பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. சைலன்சருக்குள் தண்ணீர், ஹேண்டில் களிக்குள். அவரும் நானும் இழுக்கிறோம், எங்கள் கால்தான் புதைகிறதே தவிர பைக் அசையவில்லை. மழை வேறு. பட்டிக்காரர் ஒருவர் மாடு கட்டும் கயிற்றோடு வந்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நான்கைந்து பேராகச் சேர்ந்துதான் மேலே எடுத்தோம். அந்தப் பாதையில் ஆள் வந்தது அன்றைய அதிர்ஷ்டம். பொழுது பட்டால் வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் எந்த நேரத்தில் யானை இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தனியாகத் தூக்க முடிய வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான், பலவீனத்தில் சொல்வதில்லை.

அடுத்தது புத்தகம். இதை ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கோபம். செரோவுக்கு முதல் நாங்கள் ஒரு ஹோண்டா பாஜா பார்க்கப் போனோம். இரட்டை லைட், புதுப் பெயின்ட், புது ஸ்டிக்கர், உயரமாக நிற்கிறது. அக்கா மகனுக்குக் கண் எல்லாம் அதில்தான், அவனைக் குறை சொல்ல முடியாது, யாருக்கும் ஆசை வரும். கூட வந்த ஏறாவூர் மெக்கானிக் நானா லைட்டையும் பார்க்கவில்லை, ஸ்டார்ட் பண்ணியும் பார்க்கவில்லை. ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, ஹேண்டிலுக்குக் கீழே சேசிஸ் நம்பர் அடித்திருக்கும் கழுத்துப் பகுதியைத் துடைத்தார். மேல் பெயின்ட் கொஞ்சம் கரைந்தது. போன் லைட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்: கடைசி மூன்று இலக்கம் மட்டும் ஆழம் குறைவு, ஒன்று சற்றுச் சரிந்து நிற்கிறது, அதைச் சுற்றி அரம் போட்ட கோடு மெல்லியதாகத் தெரிகிறது. விற்க வந்தவர் "ஓபன் பேப்பர்தான், பிரச்சினை வராது" என்றார். நானா துணியை மடித்துக்கொண்டு "போவம் தங்கச்சி" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இந்த ஐந்து வருடத்தில் பழைய ஜப்பான் ட்ரெய்ல் பைக்குகளின் விலை எங்கே போனது என்று தெரியும்தானே. விலை ஏறினால் ஒரு புத்தகத்துக்கு வேறு ஒரு சேசிஸ், ஒரு சேசிஸுக்கு வேறு ஒரு எஞ்சின் என்று பொருத்தி விற்கிறவர்களும் வருவார்கள். ஓபன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே கை மாறி மாறி வந்த பைக்கை நம்பி எடுத்து, நாளைக்குப் பொலிஸ் மறித்து நம்பர் சரியில்லை என்றால், பைக்கும் போய், காசும் போய், பிள்ளை நீதிமன்றப் படி ஏற வேண்டும். அந்த நேரம் லைக் போட்டவர்கள் யாராவது பிணைக்கு வருவீர்களா? செரோவின் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்றவரின் அடையாள அட்டையும் ஒன்று, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்று. எனக்கு அது போதும்.

"ரோட்டில் இழுக்காது" என்கிறீர்கள். சரி, இழுக்காது. 80இல் நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் எஞ்சின் கத்தத் தொடங்கும், பதுளை ரோட்டில் பஸ்ஸை முந்த நினைத்தால் பொறுமை வேண்டும். அவன் கிழமை நாளில் கல்லடியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு வேலைக்குப் போய் வருகிறான், ஞாயிற்றுக்கிழமை வட்டைப் பாதையில் ஓடிப் பழகுகிறான். அவனுக்கு 120இல் போகிற பைக் எதற்கு? அதோடு ரோட்டில் உண்மையாகப் பார்க்க வேண்டியது டயர். கட்டை கட்டையாகப் பல் உள்ள முழுப் பட்டன் டயர் போட்டுக்கொண்டு மழை பெய்த தாரில் வளைகிறவர்களைப் பார்க்கவே எனக்கு வயிறு கலங்கும், அது தாரைப் பிடிப்பது குறைவு, பிரேக் அடித்தால் நிற்க இடம் கூட வேண்டும். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர் போட்டு, மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, தாருக்கு ஏறியதும் திரும்ப அடித்துக்கொண்டு போகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கால் பம்ப் ஒன்று பையில் கிடக்கிறது. அளவுக்கு மேல் இறக்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டு வெட்டுப்படும், அதையும் சொல்லியிருக்கிறேன்.

பார்ட்ஸ் கஷ்டம் என்று சொன்னவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கஷ்டம்தான். யமஹா 2020இல் செரோ வரிசையையே நிறுத்தியும் விட்டது. காபரேட்டர் கிட், கிளட்ச் பிளேட் எல்லாம் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டும். புதிதாக வேண்டும், கடையில் பார்ட்ஸ் வேண்டும் என்கிறவர் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பார்க்கட்டும், நல்ல பைக், முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 18. ஆனால் 150 கிலோவுக்கு மேல். மெலிந்த உடம்புக்காரன் அவன், அவனால் அதைச் சேற்றிலிருந்து தூக்க முடியாது. நெடுத்த, பலமான ஆள் என்றால் எடுக்கட்டும். இதைத்தான் நானும் சொல்கிறேன், உடம்பைப் பார்த்து எடுங்கள், படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

"ஓடிப் பழகினால் உயரமும் பழகும்" என்று ஒரு அண்ணன் பெரிய மனிதராக வந்து எழுதியிருந்தார். பழகும் அண்ணன். பழகும் வரைக்கும் விழுகிற காலும் கையும் யாருடையவை?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், இத்தனை நாளும் மனதுக்குள் வைத்திருந்தேன். அவன் பைக்கைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் பாதிப் பேர் சைலன்சரை வெட்டிக் குழாய் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். குடும்பிமலைக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் பட்டி. போன மாதம் ஒரு பட்டியில் கன்று போட்டு அரை நாள் ஆன பசு, உங்கள் சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு கம்பி வேலிக்குள் விழுந்து மடி கிழிந்து நின்றது. நான்தான் போனேன். பட்டிக்கார ஐயா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பைக்கில் வந்த ஆள் என்பதால் என்னையும் உங்களோடு சேர்த்துத்தான் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே மேய்ச்சல் தரைக்காக மயிலத்தமடு, மாதவணை என்று வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிற சனம். நீங்கள் வாரத்தில் ஒரு நாள் சாகசம் செய்ய வருகிற பாதையில்தான் அந்தப் பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள், தயிர்ச் சட்டி சைக்கிளில் வருகிறது. அவன் செரோ சத்தமில்லாமல் போகும். மாடு நின்றால் எஞ்சினை நிற்பாட்டுவான். இதுவும் ஓட்டத்தில் ஒரு பகுதிதான். இதை உங்களில் ஒருவராவது புதிதாக வருகிற ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? வட்டம் போட மட்டும் தெரியும்.

சின்னம்மா சொன்னதால்தான் இவ்வளவு சிரிப்பு என்றும் எனக்குத் தெரியும். இதே பைக்கை ஒரு மாமா பார்த்துக் கொடுத்திருந்தால் "பழைய ஆட்களுக்கு விசயம் தெரியும்" என்று எழுதியிருப்பீர்கள். பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்தது.

முதல் பைக் எடுக்க யோசிக்கிற தம்பிமார், தங்கச்சிமார் கீழே கேளுங்கள். உயரம், எடை, எந்தப் பாதையில் ஓடப் போகிறீர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது, இவற்றை எழுதுங்கள், 100 சிசிக்கு மேல் என்றால் ஏ லைசன்ஸ் இருக்கிறதா என்றும் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நாளைக்கு வடமுனைப் பக்கம் வேலை, அங்கே சிக்னல் கிடைக்காது, பதில் ராத்திரிதான் வரும்.