‘பேக்ரவுண்ட் நாய்ஸ் மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க’

அந்த ‘மட்டும்’ இருக்கு பாருங்க, அதுலதான் பத்திக்கிட்டு வருது. ‘கொஞ்சம்’ அதுக்கும் மேல. தலையில பேன் பார்க்குற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து நசுக்கிப் போட்டுடலாம்னு நினைப்பு. இது வேற ஃபேன், சாமி. உங்க குரல் ஓடுற அதே அலைவரிசையில குரலோட பின்னிப் பிணைஞ்சு கிடக்குது. அதைப் பிடிச்சு இழுத்தா குரலும் சேர்ந்துதான் வரும்.

இரைச்சலைத் துடைச்சுக் கொடுக்கச் சொல்லி ஒருத்தர் எனக்கு அனுப்பின 42 நிமிஷ ஃபைல். மேஜை மைக்ல பேசினது. முதல் செகண்ட்ல இருந்து போவோம், எனக்கும் வேற வழியில்ல.

முதல்ல மவுஸ் க்ளிக். அடுத்து நாற்காலி கிறீச். அடுத்து, “ஹலோ... ஹலோ... மைக் செக்... கேக்குதா?” யாரைக் கேக்குறீங்க? அறையில ஒத்தை ஆளா உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றீங்க, எதிர்ல இருக்கிறது ஒரு இரும்பு வலை. அது பதில் சொல்லிட்டா நீங்கதான் எழுந்து ஓடணும். அந்தப் பத்து செகண்ட் வாயை மூடிக்கிட்டு அசையாம உட்கார்ந்திருந்தா போதுமே! ஆடாசிட்டி மாதிரி ஒலி எடிட் பண்ற மென்பொருள்ல நாய்ஸ் ரிடக்ஷன் ரெண்டு கட்ட வேலை. வெறும் இரைச்சல் மட்டும் இருக்குற துண்டைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் குப்பை’னு முதல்ல காட்டிக் கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் முழு ஃபைலுக்கும் போட முடியும். 42 நிமிஷத்துல ரெண்டு செகண்ட் சுத்தமான மௌனம் கிடையாது. பேசாத இடத்துல எல்லாம் மூச்சு, எச்சில், தாள் புரட்டல். குப்பையைக் காட்டிக் கொடுன்னு கேட்டா எதைக் காட்டுறது?

பதினொண்ணாவது செகண்ட்ல “வணக்கம்.” பின்னாடி ஃபேன். பேசும்போது ஃபேன் சத்தம் அடங்கிக் கிடக்குது. மூச்சு வாங்க நிறுத்தினதும் ‘வ்வ்வூம்’னு அலை மாதிரி எழும்பி வருது. மறுபடி பேசினா அடங்குது, நிறுத்தினா எழும்புது. ஃபேன் என்ன, உங்க பேச்சுக்குத் தாளமா போடுது? அது தானியங்கி கெயின் பண்ற வேலை. ‘சத்தம் குறைஞ்சு போச்சே, பாவம், மெதுவா பேசுறார் போல’ன்னு நினைச்சு மைக்கோட அளவைத் தானா ஏத்தி விடுது. நீங்க பேசலைன்னு அதுக்குத் தெரியாது. வீடியோ கால் செயலியில ‘மைக் அளவைத் தானா சரிசெய்’னு ஒரு டிக் இருக்கும், அதை எடுங்க. விண்டோஸ்ல மைக்கோட லெவல்ஸ் பக்கத்துல ‘மைக் பூஸ்ட்’னு ஒண்ணு இருந்து, அது 20லயோ 30 டெசிபல்லயோ உட்கார்ந்திருந்தா, பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. அந்த டிக்கை எடுக்கலேன்னா இரைச்சல் ஒரே அளவுல இருக்காது. ஒரே அளவுல இல்லாத இரைச்சலை ஒரே ஒரு சாம்பிளை வச்சுக் கழிக்க முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

நாற்பதாவது செகண்ட்ல டொக். கொஞ்ச நேரத்துல டொக் டொக். மைக் நிக்கிற மேஜையிலேயே கீபோர்டு, மவுஸ், முழங்கை எல்லாம். எழுதி வச்சதைத் திரையில உருட்டி உருட்டிப் படிக்கிறார். மவுஸ் சக்கரம் திரும்புற ஒவ்வொரு ‘கடக்’கும் மேஜைப் பலகை வழியா ஸ்டாண்டுல ஏறி மைக்குக்குள்ள போகுது. காத்து வழியா வர்றதைவிடப் பலகை வழியா வர்றதுதான் அதிகம். கை மாதிரி மடங்குற ஸ்டாண்டை வேற எதுலயாவது மாட்டினா தீர்ந்தது. அதில்லையா, ஒரு துண்டை நாலா மடிச்சு ஸ்டாண்டுக்கு அடியில வைங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற ஹை பாஸ் ஃபில்டர் போட்டா, மிச்சம் இருக்குற ‘தும் தும்’ல பாதி போயிடும். பேச்சுக்கு அந்த அடித்தளத்துல பெருசா வேலை எதுவும் கிடையாது.

மூணாவது நிமிஷம் அதே மேஜையில ஃபோன் அதிருது. ட்ர்ர்ர்ர். எடுக்கலை. மறுபடி ட்ர்ர்ர்ர். அணைக்கவும் இல்லை. அழைக்கிறவர் விடாக்கண்டர், இவர் கொடாக்கண்டர், நடுவுல கேக்குறவன் காது.

ஏழாவது நிமிஷம் ‘டக்’, ம்ம்ம்ம்ம். பக்கத்து அறையில ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கண் விழிச்சாச்சு. இதுவரைக்கும் ஒரு இரைச்சல், இனிமே வேற இரைச்சல். முதல் ஏழு நிமிஷத்துல இருந்து எடுக்குற சாம்பிள் இனி உதவாது. பதினேழுல அது தூங்கும், முப்பதுல திரும்ப எழும்பும். ரெக்கார்டிங் நேரத்துல அதை அணைச்சு வைக்கலாம். திரும்பப் போட மறந்துடுவோம்னு பயமா? வெளியே கிளம்பும்போது எடுத்தே ஆகவேண்டிய சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிடுங்க. லொக்கேஷன்ல ஒலிப்பதிவு பண்றவங்க பழைய தந்திரம் அது. சாவியைத் தேடிப் போனா ஃப்ரிட்ஜும் ஞாபகத்துக்கு வரும்.

இதெல்லாம் சில்லறை. மூலக் குற்றத்துக்கு வருவோம்.

மைக் எங்க இருக்கு? கீபோர்டுக்கு அந்தப் பக்கம், மானிட்டர் ஓரமா, அலங்காரப் பொருள் மாதிரி. வாய்க்கும் அதுக்கும் எப்படியும் 80 சென்டிமீட்டர். நேர்ல பார்க்க வேண்டியதில்லை, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி வர்ற எதிரொலியே காட்டிக் கொடுக்குது. தூரம் பாதியானா மைக்குக்கு வர்ற குரல் 6 டெசிபல் கூடும். 80ஐ 40 ஆக்கினா 6, 40ஐ 20 ஆக்கினா இன்னொரு 6. மொத்தம் 12 டெசிபல். ஃபேன் இருந்த தூரத்துலயேதான் இருக்கு. குரல் கூடின அளவுக்கு கெயினைக் குறைச்சா ஃபேன், ஃப்ரிட்ஜ், எதிரொலி எல்லாம் அதே 12 டெசிபல் கீழ போயிடும். காசு செலவில்லை, மென்பொருள் வேண்டாம், குரல்ல ஒரு கீறல் விழாது. கையை நீட்டி மைக்கை இழுத்து முன்னாடி வைக்கணும், அவ்வளவுதான். ஆனா மாட்டாங்க. ‘வீடியோல மைக் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்’பாங்க. கேக்க அசிங்கமா இருந்தா பரவாயில்லையாம்.

ஒரு சாண் தூரம் போதும். ரொம்ப ஒட்டிப் பேசினா குரல்ல கீழ்ஸ்தாயி வீங்கும், ‘ப’னா வெடிக்கும். அதுக்கு நேரா ஊதாம கொஞ்சம் ஓரமா பேசணும், நடுவுல ஒரு பாப் ஃபில்டர், அதாவது ஊதுற காத்தைத் தடுக்குற வலைத் திரை, வைக்கணும். மைக் தலையில மாட்டுற பஞ்சுக் குல்லா மூச்சுக் காத்தைத் தடுக்கும், பின்னணி இரைச்சலைத் தடுக்காது. ‘குல்லா போட்டும் ஃபேன் கேக்குதே’ன்னு கேக்குறவங்களுக்கு இனிமே பதில் கிடையாது.

பத்தாததுக்கு மைக்கோட உச்சந்தலையைப் பார்த்துப் பேசிருக்கார். நிக்க வச்சுப் பேசுற கண்டென்சர் மைக்ல பலதுக்கும் வாய் பக்கவாட்டுல இருக்கு, உச்சியில இல்லை. சின்னம் பொறிச்ச முகம்தான் பெரும்பாலும் முன்பக்கம். பின்னாடி திருப்புற குமிழ் ஒண்ணு இருந்தா, இதயம் மாதிரி ஒரு படம் போட்டிருக்குற இடத்துக்குத் திருப்புங்க, அதுதான் கார்டியாய்டு. வட்டத்துல இருந்தா நாலு திசையையும் சமமா வாரிக்கிட்டு வரும். கார்டியாய்டுக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். லேப்டாப் ஃபேனையோ சன்னலையோ அந்தத் திசைக்கு வர்ற மாதிரி உட்காரணும். இந்த ஃபைல்ல சரியா உல்டா. சன்னல் பேசுறவருக்குப் பின்னாடி. மைக் அவரைப் பார்க்குது, அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்குற தெருவையும் சேர்த்தே பார்க்குது.

இதனாலதான் போர்வையை மாட்டணும்னா மைக்குக்குப் பின்னாடி மட்டும் மாட்டினா பத்தாது, உங்க முதுகுக்குப் பின்னாடி மாட்டணும். கனமான போர்வையா, சுவரை ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விட்டு. முட்டை அட்டையை ஒட்டி வச்சிட்டு ‘சவுண்ட் ப்ரூஃப் பண்ணியாச்சு’ன்னு படம் போடுறவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. முட்டை அட்டை முட்டைக்கு. ஸ்பாஞ்சும் அறைக்குள்ள எதிரொலிக்கிற மேல்ஸ்தாயியைத்தான் கொஞ்சம் உறிஞ்சும். வெளியே இருந்து வர்ற சத்தத்தைத் தடுக்க எடையுள்ள சுவர், இடுக்கில்லாத கதவு வேணும்.

‘மைக் ரொம்ப சென்சிடிவ், எல்லாத்தையும் இழுக்குது’ன்னு ஒரு சாக்கு வேற. கெயினை 100ல வச்சா இழுக்காம என்ன பண்ணும்? கெயினை ஏத்தினா குரலும் ஏறும், இரைச்சலும் ஏறும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி மாறாது. அந்த இடைவெளிதான் எல்லாமே. கிட்ட வந்து, வழக்கமா பேசுற சத்தத்துல பேசி, மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவுல நிக்கிற மாதிரி வைங்க.

சரி, மென்பொருளுக்கு வருவோம், அதுதானே எல்லாருக்கும் மந்திரக்கோல். 6லேர்ந்து 12 டெசிபல் வரைக்கும் குறைச்சா குரல் தாங்கும். பத்தலைன்னா ஒரே அடியா 24 போடாம லேசா ரெண்டு தடவை போடணும். ஆடாசிட்டியில கழிச்சு எறியுறதை மட்டும் போட்டுக் கேக்க வசதி இருக்கு. அதைக் கேட்டுப் பாருங்க. வெறும் ‘ஷ்ஷ்’ மட்டும் வந்தா சரி. அதுக்குள்ள யாரோ முணுமுணுக்கிற மாதிரி கேட்டா, வெட்டுறது உங்க குரலைத்தான். இந்த ஃபைலை இரைச்சல் போகுற அளவுக்கு இறக்கினா, பேசுறவர் தண்ணித் தொட்டிக்குள்ள தலையை விட்டுட்டு வணக்கம் சொல்றார். பின்னாடி க்ளுக் க்ளுக்னு குமிழி வேற.

அதைவிடக் கொடுமை நாய்ஸ் கேட். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ சத்தம் இறங்கினா கதவை மூடிடும். நம்ம மொழியில வாக்கியத்தோட உயிரே கடைசி எழுத்துலதான் தொங்குது. நாம அதை மெல்ல இறக்கித்தான் முடிப்போம். கேட் அதை முழுங்கிடும். ‘வந்தான்’ ‘வந்தாள்’ ‘வந்தார்’ மூணும் ‘வந்தா’ன்னு முடிஞ்சு போகுது. வந்தது ஆணா, பெண்ணா, மரியாதைக்குரியவரா? தெரியாது. ஃபேன் இருந்தப்பவாவது யார் வந்தாங்கன்னு தெரிஞ்சுது. கேட் போட்டே ஆகணும்னா ஒரேயடியா மூட விடாம 10, 12 டெசிபல் இறங்கினா போதும்னு வைங்க. மூடுற நேரத்தையும் 200 மில்லிசெகண்டுக்கு மேல இழுத்து விடுங்க. இதுல பலபேர் வீடியோ கால் செயலியில ஒரு நாய்ஸ் குறைப்பு, அதுக்கு முன்னாடி ஓபிஎஸ்ங்கிற ரெக்கார்டிங் மென்பொருள்ல ஒண்ணுன்னு ரெண்டையும் ஓட விட்டுட்டு, ‘வார்த்தை கடிச்சுக் கடிச்சு வருதே’ன்னு மைக்கைத் திட்டுறாங்க.

வரிசையும் முக்கியம். முதல்ல ஹை பாஸ், அடுத்து நாய்ஸ் குறைப்பு, குரலோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ற கம்ப்ரஸர் (ஃப்ரிட்ஜ்ல இருக்குறது இல்லை) கடைசியில. இந்த மனுஷன் கம்ப்ரஸர் போட்டு 10 டெசிபல் ஏத்தி அனுப்பிருக்கார். ‘கொஞ்சம் மெருகேத்தினேன்’னு குறிப்பு வேற. குரலோட சேர்த்து ஃபேனுக்கும் பத்து டெசிபல் மெருகு.

அறையைப் பெட்டி மாதிரி அடைச்சாலும் போகாத ரெண்டு சத்தம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஒண்ணு 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், சில நாடுகள்ல 60. கூடவே 100, 150னு அதோட மடங்குகளும் வரும். மின்சாரத்தோட முனகல் அது. சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேளுங்க, போயிட்டா வழி தெரிஞ்சுபோச்சு. மைக் வயரும் கரண்ட் வயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடக்கூடாது, குறுக்க வெட்டிக்கிட்டுப் போகலாம். இன்னொண்ணு 1000 ஹெர்ட்ஸ் கீச்சு. யூஎஸ்பி மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை துடிக்கிறதோட சத்தம் மைக்குக்குள்ள கசியுது. வேற போர்ட்ல சொருகுங்க, அல்லது தனி மின்சாரம் உள்ள ஹப் வழியா கொடுங்க.

“திரும்ப ரெக்கார்ட் பண்ணிடலாமே, 42 நிமிஷம்தானே”ன்னு கேட்டதுக்கு, “அவ்வளவு நேரம் ஏதுங்க”ன்னு பதில். எடுக்க நேரமில்லை, ஆனா அதைத் துடைக்கிறவனுக்கு மட்டும் ரெண்டு நாள் இருக்கு.

ஆனா கடைசியில திரும்ப எடுத்தார். பொய் சொல்லக்கூடாது, அருமையா எடுத்தார். மைக் ஒரு சாண் தூரம், முதுகுக்குப் பின்னாடி போர்வை, ஃபேன் இல்லை, ஃபோன் இல்லை, முதல் பத்து செகண்ட் சுத்த மௌனம். இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கும் கீழ. ஒலிப்புத்தகக்காரங்க கேக்குற அளவு அது. வந்தான், வந்தாள், வந்தார்னு மூணு பேரும் முழுசா வந்தாங்க. துடைக்க ஒண்ணுமே இல்லை.

நேத்து அது வெளியாச்சு. போட்டுக் கேட்டா, முதல் செகண்ட்ல இருந்து கடைசி வரைக்கும், குரலுக்கு மேல, புல்லாங்குழல். கூடவே தபேலா.

“ரொம்ப அமைதியா இருந்துச்சா, ஒரு மாதிரி வெறிச்சுனு இருந்துச்சு. அதான்.”