நோட்.ஜேஎஸ் 4.0: மூன்று பதிப்புகள் மறைக்கப்படவில்லை

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கும் மென்பொருளான நோட்.ஜேஎஸ் 0.12-லிருந்து நேராக 4.0-க்குத் தாவியதாகவும், பாதுகாப்புக் குறைபாடுகளால் இடையிலுள்ள 1, 2, 3 ஆகிய பதிப்புகள் மறைக்கப்பட்டதாகவும் கூறும் செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. தாவியது உண்மை, மறைத்ததாகச் சொல்வது தவறு.

0.10 பதிப்பு வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியும் 0.12 வராத நிலையில், வெளியீட்டுத் தாமதத்திலும் அப்போது திட்டத்தை நிர்வகித்த ஜாயன்ட் நிறுவனத்தின் நிர்வாக முறையிலும் அதிருப்தியுற்ற முக்கிய நிரலாளர்கள் 2014 டிசம்பரில் அதே நிரலைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்கும் ஐஓ.ஜேஎஸ் என்ற கிளைத் திட்டத்தைத் தொடங்கி, 1, 2, 3 என்ற எண்களை அதற்கே பயன்படுத்தினர். 2015-இல் நோட்.ஜேஎஸ் அறக்கட்டளையின் கீழ் இரண்டும் இணைந்தபோது, எண்கள் மோதாமலிருக்க, செப்டம்பர் 8 அன்று வந்த கூட்டு வெளியீட்டுக்கு 4.0 என்று எண்ணிட்டனர். இந்த எண் தாவலை விளம்பர உத்தி என்று ஐயுறுவோருக்கும் இதுவே விடை.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள நோட்.ஜேஎஸ்ஸின் களஞ்சியத்தில், மாற்றப் பதிவுகளுக்கான கோப்புறையில், ஐஓ.ஜேஎஸ்ஸுக்கெனத் தனிக் கோப்பே இருக்கிறது. அந்த மூன்று வரிசைகளின் வெளியீடுகள் தேதியுடன் அதில் உள்ளன. மறைக்க நினைப்பவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பட்டியலிட மாட்டார்கள். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இதைத் தெரிவியுங்கள்.