பொருள் என்ன, பெரியவரே?

மனு எழுதுபவர்: அனுப்புநர், பெறுநர் முடிந்தது. பொருள் என்ன, பெரியவரே?

பெரியவர்: பொருள் எதுவும் வேண்டாம், தம்பி. அரிசியும் சர்க்கரையும் ரேஷன் கடையிலேயே கிடைத்துவிடுகின்றன.

மனு எழுதுபவர்: எதற்காக இந்த மனு என்று ஒரே வரியில் மேலே எழுத வேண்டும், அதற்குப் பெயர்தான் பொருள்.

பெரியவர்: அப்படியானால் 'மிக மிக அவசரம்' என்று எழுதுங்கள்.

மனு எழுதுபவர்: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் அவசரமில்லாமல் நிற்பவர் அந்த டீக்கடைக்காரர் ஒருவர்தான்.

பெரியவர்: 'ஏழையின் கண்ணீர்'?

மனு எழுதுபவர்: கண்ணீருக்கென்று உள்ளே தனிப் பிரிவு கிடையாது. குவிகிற மனுக்களைத் துறைவாரியாகப் பிரிப்பவர் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அது வருவாய்த் துறைக்கா, மின்வாரியத்துக்கா, ஊராட்சிக்கா என்பது அதில் தெரியாவிட்டால், நீங்கள் நான்கு பக்கம் அழுதிருந்தாலும் கைக்கு எட்டிய காகிதக் கட்டில்தான் போய் விழும். சென்ற முறை என்ன எழுதினீர்கள்?

பெரியவர்: 'உதவி வேண்டுதல்' என்று எழுதி, என் பேரன் சிவப்பு மையில் அடியில் இரண்டு கோடும் போட்டான்.

மனு எழுதுபவர்: கோடு இரண்டு, விவரம் பூஜ்யம். புல எண்ணைச் சொல்லுங்கள்.

பெரியவர்: 112-இல் 3பி. 40 சென்ட். காலமான தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. நான் ஒரே மகன்.

மனு எழுதுபவர்: ஊர்ப் பெயரை முதலில் போட்டுவிடுகிறேன். 'புல எண் 112/3பி, 40 சென்ட் நிலத்துக்கு, இறந்த தந்தையின் பெயரிலிருந்து வாரிசான என் பெயருக்குப் பட்டா மாறுதல் கோருதல்.' இதைப் படிப்பவர் அடுத்த வரியைப் பார்க்காமலே வட்டாட்சியருக்கு அனுப்பிவிடலாம்.

பெரியவர்: அவசரம் என்று எங்கேயும் இல்லையே?

மனு எழுதுபவர்: பழைய மனுவுக்குப் பதில் வந்ததா?

பெரியவர்: வந்தது. 'உதவி' என்பதைப் பார்த்து முதியோர் உதவித்தொகைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதம் 1,200 ரூபாய் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, 'மனுதாரருக்கு 40 சென்ட் சொந்த நிலம் உள்ளதால் தகுதியில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

மனு எழுதுபவர்: அந்தக் கடிதத்தில் பொருள் என்ன போட்டிருக்கிறது?

பெரியவர்: 'மனு – தொடர்பாக.'

மனு எழுதுபவர்: உங்கள் பேரனுக்கு அங்கே ஒரு வேலை நிச்சயம்.

பெரியவர்: நிலம் என்னுடையது என்று அவர்களே எழுத்தில் கொடுத்துவிட்டார்களே, தம்பி, இதையே பட்டாவாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

மனு எழுதுபவர்: கூடாது. ஆனால் பொருளுக்குக் கீழே 'பார்வை' என்ற இடத்தில் இந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதப் போகிறேன். பார்வைக்குச் சொல்லுங்கள்.

பெரியவர்: பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. போன வருடம்தான் கண்புரை எடுத்தார்கள்.