வினிகரில் ஊறினால் கார்ப்பரேட்டர் புதுசாகிவிடாது

"பழைய பத்மினி காரின் கார்ப்பரேட்டரைக் கழற்றி ஒரு ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போடுங்கள், காலையில் ஜெட்டை ஊசியால் குத்துங்கள், ரிப்பேர் கிட் எல்லாம் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. மூன்றுமே தப்பு. (கார்ப்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். ஜெட் என்பது அதற்குள் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள திருகு. ரிப்பேர் கிட் என்பது புது பேக்கிங், வால்வு போன்றவை அடங்கிய செட்.)

இந்தக் கார்ப்பரேட்டர்களின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அமிலம் அதை அரித்துக் கறுக்க வைக்கும். உள்ளே அடைத்துக்கொண்டிருப்பதோ பெட்ரோல் காய்ந்து படிந்த பழுப்புப் பிசின். அதற்கு கார்ப் கிளீனர் ஸ்ப்ரேதான் சரி. அடிக்கும் முன் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு, மற்ற ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊதிப்போகும்.

ஊசி விஷயம்தான் மோசம். ஜெட் பித்தளை, ஊசி அதைவிடக் கடினமான எஃகு, குத்தினால் துளை அகலமாகிவிடும். சோலெக்ஸ் கம்பெனி கார்ப்பரேட்டரின் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மி.மீ. என்று அர்த்தம். அது 1.25 ஆனாலே துளையின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அப்புறம் கரும்புகை, குறைந்த மைலேஜ். எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் அது சரியாகாது, புது ஜெட்தான். ஸ்ப்ரே அடித்து, காற்றழுத்தம் கொடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிந்தால் போதும்.

ரிப்பேர் கிட் வாங்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள். இறுகிப்போன பழைய பேக்கிங்கும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தேய்ந்திருந்தால் அதுவும் பெட்ரோலைக் கசியவிடும், சூடான இன்ஜின் மேல்.

கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். 'களக்'கென்றால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை.